கூப்பிட்டால் திரும்பாத குட்டி

"அண்ணா, குட்டி பால் மாதிரி இருக்குது. மூக்கு ரோஸ் கலர். ஆனா ஒண்ணு... கூப்பிட்டா திரும்பவே மாட்டேங்குது. வாங்கலாமா, வேணாமா?"

சதுரங்கப்பட்டினத்திலிருந்து தங்கை போன் செய்தபோது நான் சாப்பிட்டுக் கொண்டிருந்தேன். டச்சுக்கோட்டைக்குப் பக்கத்துத் தெருவில் அவள் வீடு. மாப்பிள்ளைக்குக் கல்பாக்கத்தில் ஷிப்ட் வேலை. பாதி நாள் ராத்திரியில் அவளும் இரண்டு பிள்ளைகளும் மட்டும்தான். ஒரு ராஜபாளையம் நாய் இருந்தால் தைரியமாக இருக்குமே என்று ஒரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். திருக்கழுக்குன்றம் பக்கம் ஒருவர் வீட்டில் ஆறு குட்டிகள். பிள்ளைகள் தூக்கிக் கொஞ்சியது இந்தக் குட்டியைத்தான். விற்கிறவர், "தூக்கக் கலக்கம்மா, சரியாயிடும். வேணும்னா ரெண்டாயிரம் குறைச்சுக் குடுங்க" என்றாராம்.

கேட்காமலே விலையைக் குறைக்கிறார் என்றால் அவருக்கும் சந்தேகம் இருக்கிறது என்றுதானே அர்த்தம்!

அந்த ஞாயிற்றுக்கிழமை நானும் போனேன். போவதற்கு முன் தெரிந்த கால்நடை டாக்டர் ஒருவரிடம் விசாரித்தேன். அவர் சொன்னதில் ஒரு விஷயம் எனக்கே புதுசு. எந்த வெள்ளை நிறத்துக்காகவும் ரோஸ் மூக்குக்காகவும் ராஜபாளையத்தைக் கொண்டாடுகிறோமோ, அதற்குள்ளேயேதான் இந்தக் காது கேளாமையும் ஒளிந்திருக்கிறது!

உட்காதில் நத்தைக்கூடு மாதிரி ஒரு உறுப்பு. அதன் உள்சுவரில் நிறம் தரும் செல்கள் இருக்க வேண்டும். ஒலியை உணரும் நுண்ணிய பகுதிக்கு ஊட்டம் தருகிற ரத்தக்குழாய்ப் படலத்தைக் காப்பாற்றுவது இந்தச் செல்கள்தான். தோலுக்கும் மூக்குக்கும் நிறம் கொடுப்பதும் இதே வகைச் செல்கள். சில இனங்களில் இவை பிறவியிலேயே குறைந்துபோவதால்தான் உடம்பு வெள்ளையாகிறது. அந்தக் குறை காது வரைக்கும் போய்விட்டால் குட்டிக்கு மூன்று, நான்கு வாரம் ஆகும்போது அந்தப் படலம் வாடிப்போகிறது. பிறகு மருந்தோ ஆபரேஷனோ எதுவும் பலிக்காது. வெளியிலிருந்து பார்த்தால் காது அழகாகத்தான் இருக்கும்.

கறுப்புப் புள்ளி போட்ட டால்மேஷன் நாய்களுக்கும் இதே கதைதான். அமெரிக்காவில் சோதித்துப் பார்த்ததில் பத்துக்குச் சுமார் மூன்று குட்டிகளுக்கு ஒரு காதோ, இரண்டு காதுமோ கேட்கவில்லை. அதற்காக வெள்ளை நாய் எல்லாமே செவிடு என்று பயப்பட வேண்டாம். சில இனங்களில் வெள்ளை நிறம் வேறு வழியில் வருகிறது. அங்கே இந்தத் தொல்லை இல்லை.

கை தட்டிப் பார்த்தால் போதாது

நாங்கள் போனதும் விற்கிறவர் குட்டிகளை ஒரே கூடையில் வைத்துக் கை தட்டினார். ஆறும் எழுந்தன. "பாத்தீங்களா?" என்றார். இங்கேதான் ஏமாந்து போகிறோம். பக்கத்துக் குட்டி எழுந்தால் இதுவும் எழும். கை தட்டினால் காற்று முகத்தில் படும். காலைத் தட்டினால் தரை அதிரும். இதற்கெல்லாம் காது எதற்கு?

குட்டியைத் தனியாக வேறு அறைக்குக் கொண்டுபோங்கள். அது அசந்து தூங்கும்வரை பொறுமையாக இருங்கள். பின்பக்கம் நாலடி தள்ளி நின்று சாவிக்கொத்தைக் குலுக்குங்கள். கொஞ்ச நேரம் விட்டு விசில். இப்படி நாலைந்து முறை. கேட்கிற குட்டி காதையாவது அசைக்கும். இது அசைக்கவே இல்லை. தங்கை முகம் வாடிவிட்டது.

ஒரு காது மட்டும் கேட்காத குட்டியைக் கண்டுபிடிப்பது இன்னும் கஷ்டம். சத்தம் கேட்டதும் எழும், ஆனால் தப்பான பக்கம் திரும்பும். அதை நிச்சயப்படுத்த, பச்சைக் குழந்தைகளுக்கு ஆஸ்பத்திரியில் செய்கிற 'பெரா' சோதனைதான் வழி. காதில் ஒலியைக் கொடுத்து, மூளை அதை வாங்கிக்கொள்கிறதா என்று கம்ப்யூட்டரில் பார்ப்பார்கள். நாய்களுக்கு இந்த வசதி எல்லா ஊரிலும் இல்லை. சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் விசாரித்துப் பார்க்கலாம்.

அதற்கு முன்னால் உள்ளூர் டாக்டரிடம் காதைக் காட்டிவிடுங்கள். அழுக்கோ சீழோ அடைத்திருந்தால் அது வேறு விஷயம். நாற்றம் வரும், குட்டி காதைச் சொறியும், தலையை ஆட்டும். அது மருந்தில் குணமாகும்.

காதைப் பார்க்கிற அவசரத்தில் மற்றதை மறந்துவிடக் கூடாது. சோர்ந்து கிடக்கிற, வாந்தி எடுக்கிற, ரத்தக் கழிச்சல் போகிற குட்டி என்றால் 'பார்வோ'வாக இருக்கலாம். அது இரண்டொரு நாளில் உயிரையே வாங்கிவிடும். அந்த வீட்டில் எந்தக் குட்டியையும் வாங்காதீர்கள். பூச்சி மருந்து கொடுத்தாரா, தடுப்பூசி அட்டை இருக்கிறதா என்றும் கேளுங்கள். நாய்க்குட்டியின் வயிற்றுப் புழு, மண்ணில் விளையாடும் பிள்ளைகளுக்கும் தொற்றும். எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கவே கூடாது என்று மத்திய அரசின் 2017-ஆம் வருஷ விதி சொல்கிறது.

சரி, செவிட்டுக் குட்டியை வாங்கலாமா?

அது நோயாளி இல்லை. மாத்திரை கிடையாது, வலி கிடையாது. தின்னும், ஓடும், வாலை ஆட்டும். கையசைத்துச் சொல்லிக் கொடுத்தால் 'உட்கார்', 'வா' எல்லாம் கற்றுக்கொள்ளும். ராத்திரியில் டார்ச்சை இரண்டு தடவை மின்னினால் ஓடி வரும். தூங்கும்போது திடீரென்று தொட்டால் மட்டும் பதறிப்போய்க் கடிக்கலாம். மூக்குக்கு நேரே கையை நீட்டி, வாசனை பிடிக்கவிட்டு எழுப்பப் பழக்க வேண்டும். பெரியவர்கள் பழகிவிடுவார்கள். ஐந்து வயசுப் பிள்ளை பழகுமா என்பதுதான் கேள்வி. (நன்றாகக் காது கேட்கிற நாயாக இருந்தாலும் சரி, கடித்தால் சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் பதினைந்து நிமிஷம் கழுவிவிட்டு, உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட வேண்டும்.)

ஆனால் லாரி ஹாரன் அதற்குக் கேட்காது. தங்கை வீட்டுக்குக் காம்பவுண்டு கிடையாது. தெருவைத் தாண்டினால் பஸ் போகிற ரோடு. ராத்திரிக் காவலுக்கென்று வாங்கப் போய், அந்த நாயை நாம் காவல் காக்க வேண்டியதாகிவிடும். குறைத்த ரெண்டாயிரத்தில் சுவர் கட்ட முடியுமா?

நான் வேண்டாம் என்றேன். விற்கிறவரிடம், யாருக்குக் கொடுத்தாலும் குறையைச் சொல்லிக் கொடுங்கள், இதை இனவிருத்திக்கு விடாதீர்கள் என்றேன். தாய், தகப்பனைக்கூட மறுபடி சேர்க்காமல் இருப்பது நல்லது என்றேன். மனுஷருக்கு ரசிக்கவில்லை. அதே ஈற்றில் மூக்கில் கறுப்புத் திட்டோடு ஒரு குட்டி இருந்தது. சாவிச் சத்தத்துக்குத் துள்ளி எழுந்தது. "அது கலப்புன்னு யாரும் தொடல சார்" என்றார்!

திரும்பி வரும்போது சின்னவன் ஊர் வரைக்கும் அழுதுகொண்டே வந்தான்.

போன வாரம் தங்கை மறுபடி போன் செய்தாள். "அண்ணா, அந்தக் குட்டி இன்னும் அங்கதான் இருக்குதாம். இவரு மேஸ்திரியக் கூட்டிட்டு வந்து காம்பவுண்டுக்கு அளவெடுத்துக்கிட்டு இருக்காரு. கேட் எவ்ளோ ஒசரம் வெக்கலாம், சொல்லு."

நாலரை அடி என்றேன். கீழே சந்து விடாதே என்றும் சொன்னேன்.