கமெராவிலிருந்து கணனிக்கு மாற்றும்போது படங்கள் ஏன் பழுதாகின்றன?

வலிகாமம் வடக்கில் 1990இல் விட்டு வந்த காணிகளில் சில பகுதிகள் 2015இலும் அதன் பின்னரும் விடுவிக்கப்பட்டபோது, தமது வளவைப் பார்க்கச் சென்ற ஒரு குடும்பத்துடன் நாமும் போயிருந்தோம். வீடு நின்ற இடத்தில் அத்திவாரம் மட்டுமே இருந்தது. கிணறு தூர்ந்து பற்றையாகக் கிடந்தது. எல்லைக் கற்களில் ஒன்றை மட்டும் தேடிக் கண்டுபிடித்தார்கள். மகன் ஒரு சிறிய டிஜிற்றல் கமெராவினால் எல்லாவற்றையும் படமெடுத்தார். மறுநாள் அவற்றை எமது அலுவலகக் கணனிக்கு மாற்றியபோது பல படங்கள் திறக்க மறுத்தன. திறந்தவற்றிலும் சிலவற்றின் கீழ்ப்பாதி வெறும் சாம்பல் நிறமாயிருந்தது.

"கிணறு போனாலும் படமாவது இருக்குது எண்டு நினைச்சன் சுவாமி, இப்ப படமும் போட்டுது" என்றார் தகப்பனார்.

உண்மையில் படங்கள் போகவில்லை. அதனை அன்று நாமும் அறிந்திருக்கவில்லை. காணியின் எல்லை, வெள்ளத்தில் அழிந்த பயிர், பழைய உறுதியின் பிரதி என இன்று எம்மவர்கள் பலவற்றையும் படமாகவே வைத்திருப்பதால், இவ்விடயத்தைச் சற்று விரிவாக நோக்குவது பயன் தரும்.

கமெராவுக்குள் இருக்கும் மெமரி அட்டையில் இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று படங்களின் தரவு. மற்றையது, எந்தப் படம் எந்த இடத்தில் இருக்கிறது என்று குறித்து வைத்திருக்கும் அட்டவணை. கிராம அலுவலரின் பதிவேட்டை நினைத்துக்கொள்ளுங்கள். பதிவேட்டில் ஒருவருடைய பெயரை வெட்டினாலும் அவர் தமது வீட்டில் இருந்துகொண்டேயிருப்பார். படமொன்றை அழிக்கும்போது நடப்பதும் இதுவே. பெயர் வெட்டப்படுகிறது, இடம் வெறுமையானது என்று குறிக்கப்படுகிறது, தரவு அப்படியே கிடக்கிறது. வேறொரு படம் அந்த இடத்தில் வந்து குடியேறும்போதுதான் பழையது அழிந்து போகிறது. (பதிவில் இருப்பதற்கும் நிலத்தில் இருப்பதற்கும் உள்ள வேறுபாட்டை எமது வாசகர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.)

எனவே, படங்கள் பழுது என்று கண்டவுடன் செய்ய வேண்டிய முதல் வேலை, அந்த அட்டையில் எதையும் புதிதாக எழுதாமல் விடுவது. அன்று நாம் இதற்கு நேர்மாறாக நடந்தோம். அட்டை வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்காக அலுவலக முற்றத்தில் இரண்டு படங்களை எடுத்தோம். அதன் விலையைப் பின்னர் அறிந்தோம்.

அட்டையை மீண்டும் செருகியபோது, அதனைப் போமற் செய்ய வேண்டுமா என்று கணனி கேட்டது. இக்கேள்விக்கு ஒருபோதும் ஆம் என்று அழுத்த வேண்டாம். அட்டையை வாசிக்க முடியவில்லை என்பதையே கணனி இவ்வாறு சொல்கிறது. சில வேளைகளில் அட்டையில் எந்தக் குறையும் இராது. 64 கிகாபைற்றும் அதற்கு மேலும் கொள்ளும் அட்டைகள் எக்ஸ்ஃபற் என்னும் வேறொரு அட்டவணை முறையில் அமைந்தவை. பழைய காட் ரீடர்களும், விண்டோஸ் எக்ஸ்பி போன்ற பழைய கணனிகளும் அவற்றை வாசிக்கத் தெரியாமல் திகைப்பதுண்டு. பழுதைத் திருத்தவா என்று கணனி கேட்டாலும் பொறுத்திருங்கள். திருத்துவதும் அட்டையில் எழுதுகிற வேலைதான்.

அடுத்து, பழுது எங்கே என்று பார்க்க வேண்டும். அட்டையைக் கமெராவிலேயே போட்டு, படத்தைத் திறந்து, பெருப்பித்துப் பாருங்கள். பெருப்பித்தல் அவசியம். ஏனெனில் ஒவ்வொரு படத்தினுள்ளும் அதன் சிறு மாதிரி ஒன்றும் சேர்த்து வைக்கப்படுகிறது. பெரிய படம் சிதைந்திருந்தாலும் சிறு மாதிரி நன்றாகத் தெரிந்து எம்மை ஏமாற்றிவிடும். பெருப்பித்தும் நன்றாகத் தெரிந்தால் அட்டையில் உள்ள மூலப்படம் சுகமாக இருக்கிறது, குறை வழியில் இருக்கிறது என்று கொள்ளலாம். வேறு வயர், வேறு காட் ரீடர், முடிந்தால் வேறு கணனி என்று மாற்றிப் பாருங்கள். ஒரே படத்தை இரு முறை பிரதி செய்தபோது இரண்டும் இரு வேறு விதமாகச் சிதைந்திருந்தால் வயரையோ ரீடரையோ சந்தேகிக்கலாம். எந்தக் கணனியில் போட்டாலும் ஒரே இடத்தில், ஒரே விதமாகச் சிதைந்திருந்தால் குறை பெரும்பாலும் அட்டையில்தான்.

கீழ்ப்பாதி மட்டும் சாம்பலாவது ஏன் என்று பலர் கேட்பதுண்டு. ஜேபெக் முறையிலான படம் மேலிருந்து கீழாகத் தொடராக எழுதப்படுகிறது. ஒவ்வொரு துண்டும் தனக்கு முன்னுள்ள துண்டைச் சார்ந்திருக்கிறது. வாய்க்கால் நடுவில் உடைந்தால் மேல்வயலுக்குத் தண்ணீர் பாயும், கீழ்வயல்கள் காயும். படமும் அப்படித்தான். பிரதி செய்யும்போது மின்சாரம் நின்றாலோ, பற்றறி இறங்கினாலோ, அட்டையை இடையில் இழுத்தாலோ, உடைப்புக்குக் கீழே உள்ளது வராது.

வேறொரு தொல்லையும் உண்டு. மலிவாக விற்கப்படும் போலி அட்டைகளில் 64 என்று அச்சிட்டிருக்கும், உள்ளே கொள்வது 8 ஆக இருக்கும். பத்துப் புசல் என்று எழுதிய சாக்கில் ஒரு புசல் மட்டுமே கொண்டால் மிச்ச நெல் எங்கே போகும்? முதலில் எடுத்த படங்கள் திறந்து, பின்னர் எடுத்தவை ஒன்றும் திறக்காவிட்டால் இதைச் சந்தேகியுங்கள். அந்தப் பின்னைய படங்களை எவராலும் மீட்க முடியாது.

எமது குடும்பத்தின் கதையில் குற்றவாளி அலுவலகத்துப் பழைய காட் ரீடர். ஆனால் நாம் படங்களைப் பிரதி செய்யாமல் 'கட்' செய்து 'பேஸ்ற்' செய்திருந்தோம். ஆகவே அட்டையில் பெயர்கள் வெட்டப்பட்டு, கணனியில் சிதைந்த பிரதிகள் மட்டும் எஞ்சின. போட்டோரெக் என்ற இலவச மென்பொருளை ஓர் இளைஞர் கொண்டுவந்தார். அது அட்டவணையை நம்பாமல், ஒவ்வொரு படத்தின் தொடக்கத்திலும் உள்ள அடையாளத்தைத் தேடிப் படங்களை எடுத்துத் தருகிறது. மீட்டவற்றை அதே அட்டையில் சேமிக்காமல் கணனியில் சேமிக்க வேண்டும். படங்களின் பழைய பெயர்கள் வராதாகையால் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தே அடையாளம் காண வேண்டும். கிணறு கிடைத்தது, அத்திவாரம் கிடைத்தது. எல்லைக்கல்லின் படம் மட்டும் வரவில்லை. அதன் இடத்தில் எமது அலுவலக முற்றம் இருந்தது. மகன் மீண்டும் ஒரு நாள் பஸ் ஏறிப் போய் அதை எடுத்து வந்தார். கல் அங்கேயே இருந்தமையால் அது முடிந்தது. வெள்ளம் வடிந்த பின் வயலின் படத்துக்கு அப்படி மறுநாள் கிடையாது.

இப்போது நாம் 'கட்' செய்வதேயில்லை. பிரதி செய்து, கணனியில் ஒவ்வொரு படத்தையும் பெரிதாகத் திறந்து பார்த்து, இன்னுமோர் இடத்திலும் ஒரு பிரதி வைத்த பின்னரே அட்டையை வெறுமையாக்குகிறோம். அதையும் கணனியில் செய்யாமல் கமெராவிலேயே செய்கிறோம். பெரிய அட்டைகளின் பக்கத்தில் ஒரு சிறு பூட்டு இருக்கும். கணனியில் செருகுமுன் அதைத் தள்ளிவிட்டால் தவறுதலாக எழுதப்படுவது தவிர்க்கப்படும்.

கைத்தொலைபேசியில் படமெடுப்போர் இரண்டு விடயங்களைக் கவனிக்கவும். ஐபோன்கள் 2017 முதல் ஹைக் என்ற புதிய வகையிலும் படங்களைச் சேமிக்கின்றன. பழைய கணனி அதைத் திறக்காவிட்டால் படம் பழுது என்று எண்ணி அழித்துவிட வேண்டாம். மற்றது, உறுதியின் படத்தை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் அது சுருக்கப்பட்டு, சிறிய எழுத்துகள் மங்கிவிடக்கூடும். 'டொக்கியூமன்ற்' என்ற வழியால் அனுப்பினால் எடுத்தபடியே போய்ச் சேரும்.