குரலுக்குத் தெரிந்த வேறுபாடு

1914ஆம் ஆண்டு, ஜெர்மனியின் பான் நகரை ஒட்டிய ஓபர்காசெல் என்ற இடத்தில் கல்குவாரித் தொழிலாளர்கள் ஒரு பழைய புதைகுழியைக் கண்டார்கள். உள்ளே ஓர் ஆண், ஓர் இளம்பெண், கூடவே சில விலங்கு எலும்புகள். அந்த எலும்புகளை ஓநாயினுடையவை என்று குறித்து வைத்தார்கள். அவை நாயின் எலும்புகள் என்று தெரியவர அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அந்தக் குழி மூடப்பட்டு ஏறத்தாழ 14,000 ஆண்டுகள் ஆகியிருந்தன.

2018இல் லூக் யான்சென்ஸ் என்ற கால்நடை மருத்துவரும் அவருடைய குழுவினரும் அந்த நாயின் பற்களை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பல் வளரும் பருவத்தில் கடும் நோய் கண்டால் அதன் எனாமலில் அந்தக் காலம் குறுக்குக் கோடாகப் பதிந்துவிடும். அந்தக் கோடுகளிலிருந்து அவர்கள் படித்த கதை இது: ஆறரை மாத வயதில் இறந்த குட்டி. நாலரை மாதம் நிறைந்தபோது அதற்கு நோய் கண்டது. இன்றும் நம் ஊர்க் குட்டிகளைக் கொன்றுகொண்டிருக்கிற டிஸ்டெம்பர் நோயாகத்தான் அது இருக்கவேண்டும் என்கிறார்கள். காய்ச்சல், வாந்தி, வயிற்றுப்போக்கு, பிறகு வலிப்பு. நோய் தணிவதும் மீண்டும் தாக்குவதுமாக மூன்று முறை வந்திருக்கிறது. கவனிப்பார் இல்லையென்றால் மூன்று வாரம்கூடத் தாங்கியிருக்காது. ஆனால் அந்தக் குட்டி அதற்குப் பிறகும் பல வாரம் உயிரோடு இருந்தது. யாரோ தண்ணீர் புகட்டியிருக்கிறார்கள், குளிரில் சூடு கொடுத்திருக்கிறார்கள், அசுத்தத்தைத் துடைத்திருக்கிறார்கள். அந்த நிலையில் அதனால் வேட்டைக்கும் பயனில்லை, காவலுக்கும் பயனில்லை. கடைசியில் மனிதர்களோடு சேர்த்து அடக்கமும் செய்திருக்கிறார்கள்.

'நாயைப் பிள்ளை மாதிரி வளர்க்கிறோம்' என்று சொல்கிறவர்களை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பனியுகக் கைகள் நினைவுக்கு வருகின்றன. இந்தப் பேச்சு பட்டணத்துப் புது மோகம் என்று பலர் எண்ணுகிறார்கள். பெற்றவர்களுக்குக் கோபமும் வருகிறது. இரவெல்லாம் தூங்காமல் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்த தாயிடம், 'எங்க வீட்லயும் ஒரு பையன் இருக்கான், நாலு கால்' என்றால் அவருக்குச் சுருக்கென்றுதான் இருக்கும். 2022 ஜனவரியில் போப் பிரான்சிஸ், பிள்ளை பெறாமல் நாயும் பூனையும் வளர்ப்பது ஒருவகைச் சுயநலம் என்று பேசியபோது உலகமே இரண்டு பக்கமாகப் பிரிந்து வாதாடியது. அன்பின் எடையை யார் நிறுத்துப் பார்ப்பது? ஆனால் அந்த அன்பு உடம்பில் எந்த வழியாக ஓடுகிறது என்று கேட்டால், கடந்த முப்பது ஆண்டு ஆய்வுகளிடம் சொல்வதற்கு நிறைய இருக்கிறது.

முதலில் நாயின் பக்கத்திலிருந்து பார்ப்போம். ஒரு வயதுக் குழந்தைக்குத் தாயிடம் உள்ள பற்றை அறிய, மேரி எய்ன்ஸ்வர்த் என்ற உளவியலாளர் அமெரிக்காவின் பால்டிமோரில் ஒரு சோதனையை வகுத்தார். புது அறை, விளையாட்டுப் பொருட்கள், தாய், முன்பின் தெரியாத ஒருவர். தாய் சற்று வெளியே போவார், திரும்பி வருவார். அப்போதெல்லாம் குழந்தை என்ன செய்கிறது என்று கவனிப்பார்கள். தாய் பக்கத்தில் இருந்தால் குழந்தை தைரியமாக அறையைச் சுற்றி வரும். அவர் போய்விட்டால் விளையாட்டு நின்றுவிடும். திரும்பி வந்ததும் ஓடிப்போய் ஒட்டிக்கொள்ளும், கொஞ்ச நேரத்தில் தெம்பு வந்து மறுபடி பொம்மைகளிடம் போகும். 1998இல் ஹங்கேரித் தலைநகர் புடாபெஸ்டில் யோஜெஃப் தொபால், ஆதாம் மிக்லோஷி குழுவினர் இதே சோதனையை 51 நாய்களுக்கும் அவற்றை வளர்ப்பவர்களுக்கும் வைத்தார்கள். நாய்களும் குழந்தைகளைப் போலவே நடந்துகொண்டன. வளர்ப்பவர் அருகில் இருந்தபோது கூடுதலாக விளையாடின, சுற்றிப் பார்த்தன. அவர் வெளியே போனதும் கதவருகே நின்றன. அவை வளர்ந்த நாய்கள் என்பதை இங்கே நினைவில் வைக்கவேண்டும். பெற்ற தாயை மறந்து எத்தனையோ காலம் ஆகியிருக்கும். அந்தத் தாயின் இடத்தில் இப்போது நாம் இருக்கிறோம்.

நம் பக்கம் என்ன நடக்கிறது? தாய் குழந்தைக்குப் பால் கொடுக்கும்போதும், இருவரும் கண்ணோடு கண் பார்க்கும்போதும் ஆக்சிடோசின் என்ற ஹார்மோன் சுரக்கிறது. பார்வை சுரப்பைக் கூட்டும், சுரப்பு இன்னும் பார்க்கத் தூண்டும். 2015இல் ஜப்பானின் அசாபு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மிஹோ நகசாவா, டகேஃபுமி கிகுசுய் குழுவினர் 30 நாய்களையும் அவற்றை வளர்ப்பவர்களையும் அரைமணி நேரம் சேர்ந்து இருக்கவிட்டு, முன்னும் பின்னும் இரு தரப்பின் சிறுநீரையும் சோதித்தார்கள். நீண்ட நேரம் கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்த இணைகளில் மனிதருக்கும் ஆக்சிடோசின் ஏறியிருந்தது, நாய்க்கும் ஏறியிருந்தது. மனிதர் கையில் வளர்ந்த ஓநாய்களை வைத்துப் பார்த்தபோது இந்தச் சுழற்சி தென்படவில்லை, அவை வளர்த்தவரின் கண்ணை நேராகப் பார்த்ததே அரிது. தாய்க்கும் சேய்க்கும் என்று இயற்கை வெட்டிவைத்த வாய்க்காலில் நாய் தன் தண்ணீரையும் பாய்ச்சிக்கொண்டது என்று சொல்லத் தோன்றுகிறது. வேறெந்த விலங்கினத்துக்கும் இந்த அளவுக்கு அது கைகூடியதாகத் தெரியவில்லை.

நாயின் முகமே இதற்கு ஏற்றதாக இருக்கிறது. உள்புருவத்தை உயர்த்தி, கண்ணைப் பெரிதாக்கி, ஏக்கத்தோடு பார்ப்பதுபோல் ஒரு பார்வை பார்க்குமே, அதற்கென்று ஒரு சிறு தசை நாய்களின் கண்ணுக்கு மேல் நன்கு வளர்ந்திருக்கிறது, ஓநாய்களுக்கு அப்படி இல்லை என்று 2019இல் யூலியானே காமின்ஸ்கி குழுவினர் எழுதினார்கள். அதற்கு முன்பே, காப்பகங்களில் இருந்த நாய்களில் எவை இப்படிப் புருவத்தை அடிக்கடி உயர்த்தினவோ அவற்றுக்குச் சீக்கிரம் வீடு கிடைத்தது என்பதும் தெரிந்திருந்தது. நம்மை மயக்கவே வளர்ந்த தசை என்று இதை உடனே முடிவுகட்டிவிடக் கூடாது. ஆப்பிரிக்கக் காட்டுநாய்க்கும் அதே தசை இருப்பதை 2024இல் கண்டிருக்கிறார்கள், அது எந்த மனிதரின் மடியிலும் வளர்ந்ததில்லை. ஆனாலும் அந்தப் பார்வைக்கு முன் நாம் உருகிப்போவது உண்மை.

இதுவரை பார்த்தால் 'பிள்ளை மாதிரி' என்கிறவர்கள் பக்கமே தராசு சாய்கிறது. ஆனால் 2014இல் பாஸ்டனில், மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையைச் சார்ந்த குழுவினர் செய்த ஓர் ஆய்வு உண்டு. இரண்டு முதல் பத்து வயதுக்குள் பிள்ளையும், வீட்டில் நாயும் உள்ள 14 பெண்களை எம்ஆர்ஐ ஸ்கேன் கருவிக்குள் படுக்கவைத்து, அவரவர் குழந்தையின் படத்தையும் அவரவர் நாயின் படத்தையும் காட்டினார்கள். உணர்ச்சி, நினைவு, இன்பம் இவற்றோடு தொடர்புள்ள பல பகுதிகள் இரண்டு படங்களுக்கும் ஒரே மாதிரி உயிர்பெற்றன. ஆனால் நடுமூளையில் ஒரு பகுதி, பற்றுக்கும் நாட்டத்துக்கும் அடித்தளம் என்று கருதப்படுவது, சொந்தக் குழந்தையைக் கண்டபோது மட்டுமே விழித்தது. முகங்களை அடையாளம் காணும் பகுதியோ நாயின் படத்துக்குத்தான் கூடுதலாக வேலைசெய்தது. பேச்சு இல்லாத உயிரோடு வாழ்கிறவர் அதன் முகத்தைத்தானே படிக்கவேண்டும் என்று ஆய்வாளர்கள் அதற்குக் காரணம் சொன்னார்கள்.

அந்தப் பேச்சில்தான் இந்தக் கேள்வியின் முடிச்சு இருக்கிறது என்பது என் எண்ணம். 2002இல் ஆஸ்திரேலியாவில் டெனிஸ் பர்ன்ஹாம், கிறிஸ்டின் கிடமுரா, யூட் வால்மர்-கோனா மூவரும் 'சயன்ஸ்' இதழில் வெளியிட்ட சின்னஞ்சிறு ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தமானது. பன்னிரண்டு தாய்மார்கள். ஒவ்வொருவரும் தம் ஆறு மாதக் குழந்தையிடமும், வளர்க்கும் நாய் அல்லது பூனையிடமும், இன்னொரு பெரியவரிடமும் பேசியதைப் பதிவுசெய்தார்கள். குழந்தையிடம் பேசும்போது குரல் மேலே ஏறியது, கொஞ்சல் நிறைந்தது. நாயிடமும் அப்படியே. யாரைக் கொஞ்சுகிறார் என்பது சுருதியைக் கேட்டால் எளிதில் தெரியாது. பிறகு ஆ, ஈ, ஊ என்ற மூன்று ஒலிகளையும் தனியே எடுத்து அளந்தார்கள்.

வாய் திறந்து பிறப்பது ஆ, உதடு விரிந்து பிறப்பது ஈ, உதடு குவிந்து பிறப்பது ஊ. உயிரொலிகள் எல்லாம் இந்த மூன்று மூலைகளுக்குள் அடங்கும். குழந்தையிடம் பேசும்போது தாய்மார்கள் இந்த மூலைகளைத் தம்மை அறியாமல் வெளியே தள்ளினார்கள்: ஆ இன்னும் ஆ ஆனது, ஈ இன்னும் ஈ ஆனது. ஒவ்வோர் ஒலியும் மற்றதிலிருந்து விலகித் துலக்கமாக நின்றது. 'காக்கா பாரு, பூ பாரு' என்று இடுப்புக் குழந்தைக்குச் சோறூட்டும் எந்தத் தாயின் குரலிலும் இதை நாம் கேட்கலாம். நாயிடம் பேசும்போதோ அந்த மூலைகள் பெரியவர்களிடம் பேசும்போது இருந்த இடத்திலேயே இருந்தன. கொஞ்சல் முழுவதும் இருந்தது, பாடம் மட்டும் இல்லை.

அந்தத் தாய்மார்களிடம் யாரும் அப்படிச் சொல்லிவைக்கவில்லை. இந்த உயிர் நாளைக்குத் திருப்பிப் பேசப்போகிறது, அந்த உயிர் பேசப்போவதில்லை என்று அவர்களுடைய நாக்குக்கும் உதட்டுக்கும் தெரிந்திருந்தது. பின்னாளில் அதே நாட்டு ஆய்வாளர்கள் கிளி வளர்ப்பவர்களையும் சேர்த்துப் பார்த்தார்கள். குழந்தைக்கு விரிகிற அளவு இல்லையென்றாலும், நாயிடம் பேசும்போது இருப்பதைவிடக் கிளியிடம் பேசும்போது உயிரொலிகள் கூடுதலாக விரிந்தன. கிளி திருப்பிச் சொல்லும் அல்லவா!

நாய் சொல்லைக் கற்காது என்று இதற்குப் பொருளில்லை. அமெரிக்காவின் தென் கரோலினாவில் ஜான் பில்லி என்ற ஓய்வுபெற்ற உளவியல் பேராசிரியர், சேசர் என்ற பார்டர் கோலி நாய்க்கு 1,022 பொம்மைகளின் பெயர்களைக் கற்பித்தார். மூன்று ஆண்டுகள், நாளுக்கு நான்கைந்து மணி நேரம். பெயர் தெரிந்த பொம்மைகளுக்கு நடுவே ஒரு புதுப் பொம்மையை வைத்து, கேட்டிராத ஒரு பெயரைச் சொன்னால், அந்தப் பெயர் இந்தப் புதுப் பொம்மைக்குத்தான் என்று ஊகித்து எடுத்துவரவும் சேசருக்குத் தெரிந்தது. அந்தப் பொறுமைக்கு முன்னும் அந்த அறிவுக்கு முன்னும் வணங்கத்தான் வேண்டும். ஆனால் பள்ளிக்கூட வாசலை மிதிக்கும் குழந்தை, யாரும் மணிக்கணக்கில் பாடம் நடத்தாமலே பல ஆயிரம் சொற்களோடு வந்து நிற்கிறது. அதோடு 'ஏன்' என்ற கேள்வியையும் கொண்டுவருகிறது. சேசர் ஆயிரம் பெயர்களை அறிந்திருந்தும் ஒருமுறைகூட 'ஏன்' என்று கேட்டதில்லை.

குழந்தை வளர்ப்பின் பாரம் அங்கேதான் இருக்கிறது. சோறு, குளியல், மருந்து, ராத்திரிக் கண்விழிப்பு என்று பட்டியல் போட்டால் நாயும் குழந்தையும் சில மாதங்களுக்குப் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். நாய்க்கு அந்தப் பட்டியல் கடைசிவரை ஏறக்குறைய அதேதான். பத்துப் பன்னிரண்டு ஆண்டு கழித்தும் தட்டை நாமேதான் வைக்கவேண்டும், கதவை நாமேதான் திறக்கவேண்டும். குழந்தைக்கோ அந்தப் பட்டியலில் ஆண்டுக்கு ஒரு வரியை அழித்துக்கொண்டே வரவேண்டும். நேற்றுவரை நாம் செய்ததை இன்று அது செய்ய, நாம் கையைக் கட்டிக்கொண்டு நிற்கவேண்டும். பொய் சொல்வதற்கும் நியாயம் கேட்பதற்கும் பதில் வைத்திருக்கவேண்டும். நாயை வளர்ப்பவர்களின் அன்பு குறைந்தது என்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன். அந்த அன்பிடம் கேட்கப்படும் வேலை வேறு. உன்னைவிட்டுப் போகக் கற்றுக்கொடு என்று நாய் நம்மிடம் கேட்பதே இல்லை.

ஒரே ஒரு பருவத்தில் மட்டும் நாய் அதற்குக் கிட்டத்தில் வந்து போகிறது. அதைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை முடிக்க எனக்கு மனமில்லை, ஏனென்றால் பல நாய்களின் உயிர் அதில் இருக்கிறது. பிரிட்டனில் பார்வையற்றோருக்கு வழிகாட்டப் பழக்கப்படும் லாப்ரடார், கோல்டன் ரெட்ரீவர் நாய்களை வைத்து லூசி ஆஷர் குழுவினர் 2020இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். 'உட்கார்' என்றால் ஐந்து மாதத்தில் சொன்னபடி கேட்ட குட்டிகள், எட்டு மாதத்தில் வளர்ப்பவர் சொல்லைக் கேட்காமல் நின்றன. இன்னொருவர் வந்து அதே சொல்லைச் சொன்னால் உட்கார்ந்தன. வளர்ப்பவரோடு பிணைப்பு உறுதியாக இல்லாத குட்டிகளிடம் இந்த முரண்டு கூடுதலாகத் தெரிந்தது. பதின்ம வயதுப் பிள்ளை உள்ள வீட்டாருக்கு விளக்கவேண்டியதில்லை: ஊருக்கெல்லாம் நல்ல பிள்ளை, வீட்டில் மட்டும் கதவு படீரென்று சாத்தப்படும்.

குட்டியாக இருந்தபோது கொஞ்சிக்கொண்டு வாங்கிவந்து, பிறகு அடங்கவில்லை என்று தெருவில் விட்டுவிடுவது பல நேரங்களில் இந்த வயதில்தான். அடிப்பதும் சங்கிலியிலேயே கட்டிப்போடுவதும் இந்த வயதில்தான் தொடங்குகின்றன. உடம்பில் புது ஹார்மோன்கள் ஏறி, மூளை மாற்றிக் கட்டப்படுகிற நேரம் அது. தண்டித்தால் பிணைப்பு இன்னும் தளரும், முரண்டு இன்னும் ஏறும். அதே ஆய்வில் நாய்களுக்கு ஒரு வயது ஆனபோது வளர்ப்பவர்களிடம் மறுபடி கேட்டார்கள். சொன்ன பேச்சுக் கேட்கிறது என்றார்கள். பிள்ளைகளுக்கு ஆறேழு ஆண்டு நீள்கிற பருவம் நாய்க்குச் சில மாதங்களில் கடந்துவிடுகிறது. உங்கள் வீட்டில் எட்டு மாத நாய் ஒன்று கூப்பிட்டால் வராமல் வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்குமானால், அந்தச் சில மாதம் பொறுத்துக்கொள்ளுங்கள்.