சுரங்கம் மூடிய ஊர்களைத் தேடிச் செல்வோர்

ஆற்றங்கரையிலோ துறைமுகத்தை ஒட்டியோ கோயிலைச் சுற்றியோ எழுந்த ஊர், ஒரு தொழில் நலிந்தால் மற்றொன்றைப் பற்றிக்கொண்டு பிழைத்துக்கொள்ளும். சுரங்கத்துக்காக எழுந்த ஊருக்கு அந்த வாய்ப்பு குறைவு. நிலத்தடியில் தாது எங்கே ஓடுகிறதோ அதற்கு மேலே, குடிநீர் உண்டா, விளைநிலம் உண்டா என்று பாராமல் குடியிருப்பு அமைந்துவிடுகிறது. தாது தீர்ந்தோ அதன் விலை சரிந்தோ சுரங்கம் மூடப்படும்போது, அந்த ஊர் அங்கே இருப்பதற்கான காரணமே அற்றுப்போகிறது. அவ்வாறு காரணமற்றுப்போன சிற்றூர்கள் பல, கடந்த நாற்பது ஐம்பது ஆண்டுகளில் பயணிகள் தேடி வரும் இடங்களாகியுள்ளன. ஆலை, சுரங்கம், இருப்புப்பாதை போன்ற உழைப்பிடங்களையும் அங்கே உழைத்தவர்களின் வாழ்க்கையையும் பண்பாட்டுச் சொத்தாகக் கருதிப் பேணுவது தொழில் மரபுப் பாதுகாப்பு எனப்படும். அவற்றைக் காணச் செல்வது தொழில் மரபுச் சுற்றுலா. அரண்மனையையும் கோட்டையையும் பார்த்துப் பழகியவர்களுக்கு இது புதிய வழக்கமாகத் தோன்றலாம். ஆயினும் அரசர்களின் வரலாற்றைக் காணப் பயணம் செல்வது நியாயமென்றால், பூமிக்கு அடியில் வாழ்நாளைக் கழித்தவர்களின் வரலாற்றைக் காணச் செல்வதும் அதே அளவு நியாயமானதே.

இத்தகைய ஊர்களுள் மூன்றை அருகருகே வைத்துப் பார்ப்பது பயன் தரும்: இங்கிலாந்தின் தென்மேற்கு முனையிலுள்ள கார்ன்வால் பகுதியின் செயின்ட் ஜஸ்ட் வட்டாரம், மெக்சிகோவின் ரியால் தெல் மோன்தே, கர்நாடகத்தின் கோலார் தங்கவயல். தொலைவாலும் மொழியாலும் வேறுபட்ட இவற்றை இணைக்கும் கண்ணி, ஜான் டெய்லர் (1779–1863) என்ற ஆங்கிலேயச் சுரங்கப் பொறியாளர். கார்ன்வால், டெவன் பகுதிகளில் செம்புச் சுரங்கங்களை நடத்திப் பெயர் பெற்ற அவர், 1824-இல் ரியால் தெல் மோன்தேயின் வெள்ளிச் சுரங்கங்களை நடத்த லண்டனில் அமைந்த நிறுவனத்துக்குத் தலைமை தாங்கினார்; அவர் மறைந்தபின், அவர் குடும்பத்தாரின் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் 1880-இல் கோலார் வயல்களில் கால் பதித்தது. முதலீட்டோடு கார்ன்வாலின் நீராவி இறைப்பு எந்திரமும், சுரங்க மேற்பார்வையாளரைக் கேப்டன் என்று அழைக்கும் வழக்கமும், வேலை தேடிப் புறப்பட்ட கார்ன்வால் தொழிலாளரும் கடல் கடந்தனர்.

செயின்ட் ஜஸ்ட் வட்டாரத்தில் வெள்ளீயமும் செம்பும் கடற்பாறைகளுக்கு அடியில் ஓடுகின்றன. பொட்டாலக் என்னும் இடத்தில், அலை மோதும் செங்குத்தான பாறையின் விளிம்பில், புகைபோக்கியுடன் கூடிய இரண்டு கருங்கல் எந்திரமனைகள் நிற்கின்றன. எந்திரமனை என்பது சுரங்கத்தில் ஊறும் நீரை இறைக்கும் நீராவி எந்திரத்தைத் தாங்குவதற்குக் கட்டப்பட்ட உயரமான கட்டடம். அதன் ஒரு சுவரின் மேல்தான் எந்திரத்தின் மாபெரும் இரும்புத் துலா ஏறி இறங்கும். அருகிலுள்ள லெவன்ட் சுரங்கத்தின் வழிகள் கடலுக்கு அடியில் ஒரு மைலுக்கும் அப்பால் நீண்டிருந்தன. அங்கே தொழிலாளர் இறங்கவும் ஏறவும் படிகள் பொருத்திய நீண்ட தண்டு ஒன்று மேலும் கீழுமாக அசைந்துகொண்டிருக்கும். அதன் ஒவ்வொரு அசைவிலும் ஒரு படி மாறி நின்று அவர்கள் பயணம் செய்தனர். 1919 அக்டோபரில் அந்தத் தண்டின் தலைப்பிணைப்பு முறிந்ததில் 31 பேர் இறந்தனர். சுரங்கம் 1930-இல் மூடப்பட்டபோது அங்கிருந்த, 1840-ஆம் ஆண்டைச் சேர்ந்த எந்திரம் பழைய இரும்பாகப் போய்விடாமல் காத்தவர்கள் உள்ளூர் ஆர்வலர்கள். பல பத்தாண்டுகளுக்குப் பின் தொண்டர் குழு ஒன்று கூலியின்றி உழைத்து அதை மீண்டும் நீராவியில் இயங்கச் செய்தது.

இதே கரையிலுள்ள கீவர் வெள்ளீயச் சுரங்கத்தின் கதை நெருங்கிய காலத்தது. 1985-இல் உலகச் சந்தையில் வெள்ளீயத்தின் விலை சரிந்ததைத் தாக்குப்பிடிக்க இயலாமல் 1990-இல் அது மூடப்பட்டது. உள்ளாட்சி அமைப்பு அதை வாங்கி, 1993-இல் அருங்காட்சியகமாகத் திறந்தது. பழைய தொழிலாளர் அங்கே வழிகாட்டிகளாகப் பணியாற்றி வந்துள்ளனர். தொழிலாளர் உடைமாற்றி, ஈர உடைகளை உலர்த்திய கூடம், அவர்கள் கடைசியாக விட்டுச் சென்ற சட்டை, காலணி, தலைக்கவசம் ஆகியவற்றோடு அப்படியே வைக்கப்பட்டுள்ளது. மலைச்சரிவில் கிடையாகக் குடைந்த பதினெட்டாம் நூற்றாண்டுச் சுரங்கவழி ஒன்றுக்குள் பயணிகள் குனிந்து நடந்து செல்லலாம். எந்திரங்களின் பருமனைவிட, உலர்த்திய சட்டையை மாட்டிக்கொண்டு மறுநாளும் இறங்கிய மனிதர்களை அந்தக் கூடம் கண்முன் நிறுத்துகிறது என்பதே கீவரின் தனிச்சிறப்பு.

கார்ன்வால், மேற்கு டெவன் சுரங்க நிலக்காட்சியை யுனெஸ்கோ 2006-இல் உலக மரபிடமாக அறிவித்தது. இந்த அறிவிப்பு தனித்த ஒரு கட்டடத்துக்கு உரியதன்று. எந்திரமனை, தொழிலாளர் குடியிருப்பு, துறைமுகம், டிராம் பாதை, வழிபாட்டு இல்லம் எல்லாம் சேர்ந்த நிலப்பரப்புக்கு உரியது. தாதுவை இழுத்துச் சென்ற பழைய டிராம் பாதைகள் இப்போது நடப்பவர்க்கும் மிதிவண்டியில் செல்வோர்க்கும் உரியவை. அவற்றுள் ஒன்று, போர்ட்ரீத் துறையிலிருந்து டெவோரன் வரை ஏறத்தாழ 18 கிலோமீட்டர், ஒரு கடற்கரையில் தொடங்கி மறு கடற்கரையில் முடிகிறது. பொழுதுபோக்கையும் வரலாற்றையும் இவ்வளவு இயல்பாக ஒன்றுசேர்த்த ஏற்பாடுகள் அரிது: உல்லாசமாக நடக்க வந்தவர், வழியில் நிற்கும் புகைபோக்கி எதற்காக என்று தாமாகவே கேட்கத் தொடங்கிவிடுகிறார்.

ரியால் தெல் மோன்தே, பச்சூகா நகருக்கு அருகே, கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,700 மீட்டர் உயரத்திலுள்ள மலையூர். அங்கே 1766-இலேயே தொழிலாளர் கூலி உரிமைக்காக வேலைநிறுத்தம் செய்துள்ளனர். 1825-இல் டெய்லரின் நிறுவனம் கார்ன்வால் எந்திரங்களை மெக்சிகோவின் கடற்கரையில் இறக்கியபோது, வந்தவர்களுள் பலர் மஞ்சள் காய்ச்சலால் மாண்டனர். எஞ்சியவர்கள் எந்திர உறுப்புகளை மலையேற்றிச் சேர்க்கப் பெரும்பாடு பட்டனர். அந்நிறுவனம் நட்டத்தில் மூழ்கி 1840-களின் இறுதியில் விலகியது. ஆனால் அது விட்டுச்சென்ற மனிதர்களும் பழக்கங்களும் ஊரோடு கலந்துவிட்டன. இறைச்சியும் உருளைக்கிழங்கும் பொதிந்து, விளிம்பு முறுக்கிச் சுட்ட கார்ன்வால் பேஸ்டி, சுரங்கத்துக்குள் கையில் எடுத்துச் செல்ல வாகான கட்டுச்சோறு. அது அங்கே பாஸ்தே என்ற பெயரோடு மிளகாய் சேர்த்த பொதிவுகளையும் ஏற்றுக்கொண்டு, ஊரின் அடையாள உணவாகிவிட்டது. அதற்கென அருங்காட்சியகமும் ஆண்டு விழாவும் உண்டு. அகோஸ்தா சுரங்கத்தில் பயணிகள் உள்ளே நடந்து பார்க்கலாம்; குன்றின் மேலுள்ள ஆங்கிலேயர் இடுகாட்டில் கார்ன்வால் குடும்பப் பெயர்களைக் கல்லறைக் கற்களில் படிக்கலாம். அடுமனை வைத்திருப்பவரும் சுரங்கத்துக்குள் வழிகாட்டுபவரும் உள்ளூரார் என்பதால், வருகையால் கிடைக்கும் வருவாயில் ஒரு பங்கு ஊருக்குள்ளேயே தங்குகிறது.

இவ்விரண்டையும் அறிந்தபின் கோலார் தங்கவயலை நோக்கினால், அதனிடம் இருப்பது இவற்றைவிடக் குறைவன்று என்பது விளங்கும். பெங்களூரிலிருந்து கிழக்கே ஏறத்தாழ 100 கிலோமீட்டர். பங்காருப்பேட்டை சந்திப்பிலிருந்து பிரியும் கிளைப்பாதை கோரமண்டல், உரிகம், சாம்பியன் நிலையங்களைக் கடந்து மாரிக்குப்பத்தில் முடிகிறது. 1802-இல் ஜான் வாரன் என்ற படை அதிகாரி, இங்கே மக்கள் மண்ணை அரித்துப் பொன் எடுப்பதைக் கண்டு எழுதினார். 1870-களில் மைக்கேல் லவெல் என்ற ஓய்வுபெற்ற அயர்லாந்துப் படைவீரர் மைசூர் அரசிடம் அனுமதி பெற்றுத் தோண்டத் தொடங்கினார். டெய்லர் நிறுவனம் வந்தபின், பாறையினூடே தங்கம் படிந்து ஓடும் சாம்பியன் நாளம் கண்டறியப்பட்டு, ஊர் விரைந்து வளர்ந்தது. காவிரியின் சிவசமுத்திரத்தில் அமைந்த நீர்மின் நிலையத்திலிருந்து, ஏறத்தாழ 147 கிலோமீட்டர் கம்பி இழுத்து, 1902-இல் இங்கே மின்சாரம் கொண்டுவந்தனர். பெங்களூர் நகரம் அதற்கு 1905 வரை காத்திருந்தது. சாம்பியன் சுரங்கம் 3 கிலோமீட்டரையும் தாண்டி இறங்கி, உலகின் மிக ஆழமான சுரங்கங்களுள் ஒன்றாயிற்று. அந்த ஆழத்தைப் பயன்படுத்தியே, 1965-இல் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிவியலாளர்கள், ஜப்பானிய, ஆங்கிலேய அறிவியலாளருடன் சேர்ந்து, வளிமண்டலத்தில் பிறந்து பூமியை ஊடுருவும் நியூட்ரினோ என்ற நுண்துகளின் தடயத்தைப் பதிவு செய்தனர்.

ஆனால் தங்கவயலின் பெருஞ்சொத்து அதன் மக்கள் வரலாறு. வட ஆர்க்காடு, சேலம், சித்தூர் பகுதிகளிலிருந்து மேஸ்திரிகள் திரட்டி வந்த தொழிலாளருள் பெரும்பாலோர் தமிழ் பேசும் ஒடுக்கப்பட்ட மக்கள். சொந்த ஊரில் சாதிக் கொடுமையும் பஞ்சமும் துரத்த, பாறை வெடித்துச் சிதறும் ஆபத்தை அறிந்தே அவர்கள் இங்கு வந்தனர். ஆழம் கூடக்கூட மேலிருந்து அழுத்தும் எடை தாளாமல் பாறைச்சுவர் திடீரென வெடிப்பதை இத்துறையினர் ராக் பர்ஸ்ட் என்பர். அதில் மாண்டோர் பலர். ஐரோப்பிய அதிகாரிகளுக்குத் தோட்டம் சூழ்ந்த பங்களாக்களும் மனமகிழ் மன்றமும் அமைய, தொழிலாளர் லைன் எனப்படும் வரிசைகளில் மூங்கில் தட்டி அடைத்த ஓரறைக் குடில்களில் குடும்பத்தோடு வாழ்ந்தனர். அதே லைன்களில்தான் சாதி எதிர்ப்புச் சிந்தனையாளர் அயோத்திதாசரின் பௌத்த இயக்கம் வேரூன்றியது. மாரிக்குப்பத்தில் பௌத்த சங்கக் கிளை இயங்கியது. சாம்பியன் ரீப் பகுதியில் சித்தார்த்தா புத்தகசாலை அவருடைய நூல்களை வெளியிட்டது. 1926 முதல் அவ்வியக்கத்தைச் சேர்ந்த ஜி. அப்பாதுரையார், அயோத்திதாசர் தொடங்கிய தமிழன் இதழை இங்கிருந்து நடத்தினார். 1930-இல் தொழிலாளரைக் குற்றவாளிகளைப் போல விரல்ரேகை எடுத்துப் பதிவு செய்யும் திட்டத்தை எதிர்த்து வயல் முழுவதும் வேலைநிறுத்தம் நடந்தது. தமிழர் சிந்தனை வரலாற்றில் இவ்வளவு எடை கொண்ட ஓரிடத்தைத் தமிழ்ப் பயணிகள் அறியாதிருப்பது வருந்தத்தக்கது.

சுரங்கங்கள் 1956-இல் மைசூர் அரசுக்கும் 1962-இல் மத்திய அரசுக்கும் உரியவையாயின. 1972-இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் உருவாயிற்று. தொடக்கத்தில் ஒரு டன் பாறைக்குச் சில பத்து கிராமாக இருந்த தங்கம், பிற்காலத்தில் சில கிராமாகக் குறைந்தது. மொத்தம் ஏறத்தாழ 800 டன் தங்கத்தைத் தந்தபின், 2001 பிப்ரவரி 28 அன்று நிறுவனம் மூடப்பட்டது. இன்று உழைக்கும் வயதினருள் பலர் விடியலில் ரயிலேறிப் பெங்களூரில் வேலை செய்து, இரவு வீடு திரும்புகின்றனர்.

இங்கு வருவோர் முதலில் கவனிப்பது சயனைடு மேடுகளை. பொடியாக்கிய பாறையைச் சயனைடு கரைசலில் ஊறவைத்துத் தங்கத்தைப் பிரித்தெடுத்தபின் எஞ்சிய மண்ணை நூறாண்டுகளாகக் கொட்டியதால் எழுந்த குன்றுகள் அவை. 2018-இல் வெளியான கே.ஜி.எஃப் திரைப்படம் அவற்றை நாடெங்கும் அறிமுகப்படுத்தியது. கார்ன்வாலின் பொட்டாலக்கும் போல்டார்க் என்ற தொலைக்காட்சித் தொடரால் இவ்வாறே கூட்டத்தை ஈர்த்தது. ஆனால் அங்கே தொடரைப் பார்த்து வந்தவருக்கு உண்மை வரலாற்றைச் சொல்ல ஆள் இருந்தனர். தங்கவயலில் கற்பனைக் கதையை நம்பி வருவோரிடம், அது இந்த ஊரின் கதை அன்று என்று சொல்லும் பலகைகூட இல்லாத இடங்கள் பல. மேட்டில் ஏறிப் படம் எடுப்பதும் பாதுகாப்பானதன்று: காற்றடிக்கும் காலத்தில் அந்தப் புழுதி பறந்து குடியிருப்புகளை மூடுகிறது, நீர் நிரம்பிய பழைய குழிகளும் உள்வாங்கும் நிலமும் சுற்றிலும் உள்ளன, சுரங்க வளாகங்களில் அனுமதியின்றி நுழைவது குற்றமுமாகும்.

பாதுகாப்பாகக் காணக்கூடியவை வேறு உண்டு. ரயில் பாதையை ஒட்டியே சென்றால், குழிகளுக்கு மேலே எழும் இரும்புக் கோபுரங்களை, அதாவது தொழிலாளர் இறங்கும் கூண்டைக் கயிற்றில் தாங்கிய சக்கரங்கள் சுழன்ற சட்டங்களை, வெளியிலிருந்தே பார்க்கலாம். ராபர்ட்சன்பேட்டைச் சந்தை, தேவாலயங்கள், பௌத்த வழிபாட்டிடங்கள், லைன் தெருக்கள் ஆகியவற்றில் நடந்து செல்லலாம். அவை மக்கள் வாழும் வீடுகள் என்பதை மனத்திற்கொண்டு, கேட்டபின் படமெடுப்பது முறை. ஊருக்குக் குடிநீர் தந்த, பாலாற்றின் குறுக்கே அமைந்த பேத்தமங்கலம் ஏரி ஒரு மாலையைக் கழிக்க ஏற்றது. நீருக்கடியில் எரிமலைக் குழம்பு உறைந்து தலையணை வடிவம் பெற்ற பாறைகள் இவ்வட்டாரத்தில் தேசியப் புவியியல் நினைவிடமாக அறிவிக்கப்பட்டுள்ளன. 108 அடி லிங்கம் கொண்ட கோடிலிங்கேசுவரர் கோயில் அருகிலேயே இருக்கிறது. அங்கே வரும் பெருங்கூட்டத்தில் ஒரு சிறு பங்கு சுரங்க ஊருக்குள் திரும்பினாலே பல குடும்பங்களுக்கு வருவாய் கிடைக்கும்.

கீவரில் சுரங்கம் மூடிய மூன்றே ஆண்டுகளில் அருங்காட்சியகம் திறந்ததால்தான், அதனுள் இறங்கி உழைத்தவர்களே பயணிகளுக்கு வழிகாட்ட முடிந்தது. தங்கவயலில் அந்த இடைவெளி கால் நூற்றாண்டாகிவிட்டது; 2001-இல் முப்பது வயதில் இருந்த தொழிலாளி இப்போது ஐம்பதைக் கடந்துவிட்டார், அவருக்குத் துளையிடக் கற்றுக்கொடுத்த மூத்தவர்களுள் பலர் இல்லை. அருங்காட்சியகக் கட்டடத்துக்கு நிதி வரும்வரை நினைவுகளைத் திரட்டும் பணி காத்திருக்க வேண்டியதில்லை: எந்தக் குழியில் யார் வேலை செய்தார், எந்த லைனில் எந்தக் குடும்பம் வாழ்ந்தது, எந்தக் கருவிக்கு என்ன பெயர் என்பவற்றை உள்ளூர்ப் பள்ளி, கல்லூரி மாணவர்கள் தங்கள் தாத்தா பாட்டிகளிடம் கேட்டு இப்போதே ஒலிப்பதிவு செய்யத் தொடங்கலாம்.