பனிமலைப் பாண்டாவும் தஞ்சாவூர்த் தலையாட்டியும்

நமது காவிரிப் பாசனப் பகுதியில் பனி என்றால் மார்கழி விடியலில் புல் நுனியில் நிற்கும் பனித்துளிதான். மலை முழுவதும் வெள்ளையாய் உறைந்து கிடக்கும் பனியையும், காலில் நீண்ட பலகைகளைக் கட்டிக்கொண்டு அதன் மேல் சறுக்கி இறங்கும் விளையாட்டையும் நம்மில் பெரும்பாலோர் தொலைக்காட்சியில்தான் பார்த்திருப்போம். ஆனாலும், அந்தப் பனிமலையில் சறுக்கிய ஒரு பொம்மையின் கதையில் நம் கடைவீதிக்கு வேண்டிய பாடம் இருப்பதால் வணிக அன்பர்களின் பார்வைக்கு வைக்கிறேன்.

ஒலிம்பிக் விழாக்களுக்கு ஒரு பொம்மையை அடையாளமாக வைப்பது பனிச்சறுக்கோடு தொடங்கிய வழக்கம் என்றே சொல்லலாம். 1968-இல் பிரான்சு நாட்டின் கிரெனோபிள் நகரில் குளிர்கால ஒலிம்பிக் நடந்தபோது, சறுக்குப் பலகையில் நிற்கும் 'ஷூஸ்' என்ற குட்டி மனிதனைச் சாவி வளையத்திலும் சட்டை வில்லையிலும் போட்டு விற்றார்கள். அது அதிகாரபூர்வச் சின்னம்கூட அல்ல. நம் நாட்டில் 1982-இல் டில்லி ஆசிய விளையாட்டுக்கு வந்த யானைக்குட்டி 'அப்பு'வை என் வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

இப்போது சீனத்துக்கு வருவோம். 2022 பிப்ரவரியில் பெய்ஜிங்கில் நடந்த குளிர்கால ஒலிம்பிக்கின் சின்னம், பனிக்கட்டி உடை அணிந்த பாண்டாக் கரடி. பெயர் 'பிங் துவென் துவென்'. அது சறுக்குப் பலகையில் நிற்பது, பனியில் ஓடுவது என்று ஒவ்வொரு விளையாட்டுக்கும் ஒரு படம் போட்டார்கள். போட்டி நடந்த மலைச்சரிவுகளில் கிடந்தது பெரும்பாலும் இயந்திரத்தால் செய்த பனிதான். அதனால் பொம்மையின் மவுசு குறையவில்லை. கடை வாசலில் மக்கள் கொட்டும் குளிரில் வரிசையில் நின்றார்கள். ஆளுக்கு ஒன்றுதான் என்று கட்டுப்பாடு வைத்தும் சரக்கு தீர்ந்தது. அதிக விலைக்குக் கைமாற்றி விற்றவர்கள் மீது காவல்துறை நடவடிக்கை எடுக்கும் அளவுக்குப் போயிற்று.

சரக்கு ஏன் தீர்ந்தது? சீனப் புத்தாண்டு பிப்ரவரி 1-ஆம் தேதி. போட்டி தொடங்கியது 4-ஆம் தேதி. தொழிலாளர்கள் விடுமுறைக்கு ஊர் போய்விட்டார்கள். உலகத்துக்கே பொம்மை செய்து அனுப்பும் நாட்டில், தன் வீட்டு விசேஷத்துக்குப் பொம்மை இல்லை! கிராக்கி வரும் நாளில் செய்யும் கைக்கு ஓய்வு நாள் வந்தால் எவ்வளவு பெரிய முதலும் திண்டாடும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டியதில்லை.

அதே 2022-இல் ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 10 வரை மாமல்லபுரத்தில் 44-ஆவது செஸ் ஒலிம்பியாட் நடந்தது. வேட்டி சட்டையுடன் கைகூப்பி நின்ற 'தம்பி' குதிரையை அனைவரும் பார்த்தோம். ஆனால் பாண்டாவோ, தம்பியோ, அப்புவோ, இவர்களுக்கெல்லாம் ஒரு கடைசி நாள் உண்டு. போட்டி முடிந்தால் சரக்கின் வேகமும் முடிந்தது.

முடிவு நாள் இல்லாத பொம்மை ஒன்று நம் ஊர்ப் பெயரிலேயே இருக்கிறது. தஞ்சாவூர்ப் பொம்மையில் இரண்டு வகை நாம் அறிந்ததே. ஒன்று ராஜா ராணி. அடியில் உருண்டையாகக் களிமண் கனம் இருப்பதால் எந்தப் பக்கம் தள்ளினாலும் நிமிர்ந்து நிற்கும். பனிச்சறுக்கு வீரன்கூடச் சறுக்கி விழலாம். இது விழாது. மற்றொன்று நாட்டியப் பெண். பாவாடை, உடல், தலை எனத் தனித்தனியாகச் செய்து கம்பியில் பொருத்தியிருப்பதால், விசிறிக் காற்றுக்கே ஒவ்வோர் அங்கமும் தனியாக ஆடும். காகிதக் கூழ், மரவள்ளி மாவு, பிளாஸ்டர், வர்ணம் ஆகியவைதான் மூலப்பொருள். வெயிலும் கைப்பழக்கமும் மீதியைச் செய்கின்றன.

இந்தப் பொம்மைக்கு 2008-09-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பலர் கவனிக்காத செய்தி ஒன்று உண்டு. கைவினைப் பொருளைப் பொறுத்தவரை, செய்பவர் மட்டுமல்ல, அதில் வியாபாரம் செய்பவரும் 'அங்கீகரிக்கப்பட்ட பயனாளர்' என்று பதிவு செய்துகொள்ள 1999-ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தருகிறது. பதிவகம் டில்லியில் இல்லை, சென்னை கிண்டியில்தான் இருக்கிறது. பதிவு 10 ஆண்டுகளுக்குச் செல்லும், பிறகு புதுப்பிக்கலாம்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். பஞ்சு அடைத்த கரடியை முத்திரை இல்லாமல் அலமாரியில் வைத்தால் அபராதத்துக்கு நாமே வழி செய்கிறோம். பதிவு பெற்ற கைவினைஞர்கள் செய்து விற்கும் பொம்மைக்கும், புவிசார் குறியீட்டின் கீழ்ப் பதிவு பெற்றவர்களின் பொருளுக்கும் இதில் விலக்கு உண்டு. ஆகவே யாரிடம் வாங்குகிறோம் என்பதற்குச் சீட்டு வைத்திருப்பது நமக்குத்தான் பாதுகாப்பு. பிளாஸ்டிக்கில் வார்த்த தலையாட்டியை விற்கலாம், ஆனால் தஞ்சாவூர்ப் பொம்மை என்று சொல்லி விற்பது ஊர்ப் பெயரை விற்பதாகும்.

சீனப் புத்தாண்டு போல நமக்கும் ஒரு தடை நாள் உண்டு. அது ஐப்பசி கார்த்திகை அடைமழை. ஈரக் கூழ் காயாது, வர்ணம் பிடிக்காது. மழை விட்டதும் பெரிய கோயிலுக்கு வெளியூர்க் கூட்டமும், பொங்கல் வியாபாரமும் வருகின்றன. அதற்கு முன்பு புரட்டாசியில் நவராத்திரிக் கொலு. ஆக, இரண்டு பருவத்துக்கும் வேண்டிய சரக்கு சித்திரை முதல் ஆவணி வரையிலான வெயிலில் காய்ந்தாக வேண்டும். கையில் முதல் இல்லாத கைவினைஞர் நாலு மாதத்துச் சரக்கைச் செய்து வீட்டில் அடுக்கிவைக்க முடியாது. யார் முன்பணம் தருகிறாரோ அவர் சொன்ன விலைக்கே கொடுக்கிறார். அந்த விலை கட்டாதபோது அவர் பிள்ளை வேறு வேலைக்குப் போகிறான். நாளைக்கு நாம் கேட்டாலும் செய்து தர ஆள் இருக்காது.

எனவே நான் சங்கத்தின் முன் வைக்கும் யோசனை இதுதான். உறுப்பினர்கள் தங்களுக்கு வேண்டிய எண்ணிக்கையை வைகாசிக்குள் எழுதிக் கொடுக்கட்டும். சங்கம் மொத்தமாகக் கணக்கிட்டு, பாதித் தொகையை முன்பணமாகக் கைவினைஞர்களிடம் நேரே கொடுக்கட்டும். ஒவ்வொரு பெட்டியிலும் செய்தவர் பெயரும் பொம்மை ஆடும் விதமும் எழுதிய சீட்டு ஒன்று இருக்கட்டும். தலையைத் தனியே காகிதத்தில் சுற்றி, சுற்றிலும் வைக்கோல் அடைத்தால் லாரியில் உடையாது. வைக்கோலுக்கு நம் ஊரில் பஞ்சமில்லை.

அடுத்த செயற்குழுவில் இதைப் பொருளாக வைக்கத் தலைவரைக் கேட்டுக்கொள்கிறேன். முதல் பட்டியலில் என் கடையின் எண்ணிக்கையையும் எழுதிக்கொள்ளலாம்.