பதினோரு பாகங்களின் உறுமல்

ஃபஸ் ஃபேஸ் என்னும் கிடார் பெடலின் அடித்தகட்டைக் கழற்றிப் பார்ப்பவர்களுக்கு முதலில் ஏமாற்றமே வரும். உள்ளே பெரும்பகுதி வெற்றிடம். இரண்டு டிரான்சிஸ்டர், நான்கு ரெசிஸ்டர், மூன்று கெப்பாசிட்டர், குமிழ்களுக்கு அடியில் இரண்டு பொட்டென்ஷியோமீட்டர். சுற்று மொத்தமும் இந்தப் பதினோரு பாகங்கள்தான். லண்டனின் ஆர்பிட்டர் நிறுவனம் 1966-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த இந்த வட்டப் பெட்டியை உலகறியச் செய்தவர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ். பாகங்கள் இவ்வளவு குறைவாக இருப்பதால், எதை மாற்றினாலும் காதுக்கு உடனே தெரிந்துவிடுகிறது. மின்னணுவியல் பழகத் தொடங்கும் கிடார் கலைஞருக்கு இதைவிட நல்ல பாடப்புத்தகம் கிடையாது.

கிடாரிலிருந்து வரும் மெல்லிய மின்னலையை முதல் டிரான்சிஸ்டர் பெருக்குகிறது. இரண்டாவது அதை மேலும் பெருக்குகிறது. ஆனால் பேட்டரி கொடுப்பது 9 வோல்ட்தான். அதற்கு மேல் அலை எழ இடமில்லாததால் அதன் முகடும் அடிப்பள்ளமும் தட்டையாக வெட்டுப்படுகின்றன. வெட்டுப்பட்ட அலையில், கம்பி எழுப்பிய சுரத்தோடு அதன் மடங்குகளான மேற்சுரங்களும் கூட்டமாக ஒலிக்கும். ஃபஸ் என்பது அந்த நெரிசல்தான். 1961-இல் வெளிவந்த மார்ட்டி ராபின்ஸின் பாடல் ஒன்றில், நாஷ்வில் ஒலிப்பதிவுக்கூடத்துக் கருவி பழுதானதால் இப்படியொரு கரகரப்பு பதிவாகியிருந்தது. அதைத் திருத்தாமல் விட்டார்கள். மறு ஆண்டே அந்த ஒலியை வேண்டுமென்றே உண்டாக்கும் மேஸ்ட்ரோ பெடல் கடைக்கு வந்துவிட்டது.

திருத்த வேலையை இரண்டாம் டிரான்சிஸ்டரின் கலெக்டரிலிருந்து தொடங்குவது நல்லது. அங்கே மல்டிமீட்டரை வைத்தால் பேட்டரியில் பாதி, அதாவது சுமார் 4.5 வோல்ட் காட்ட வேண்டும். அப்போதுதான் அலை மேலும் கீழும் ஏறத்தாழ ஒரே அளவில் வெட்டுப்படும். 8.2 கிலோ ஓம் ரெசிஸ்டரை எடுத்துவிட்டு அங்கே ஒரு டிரிம்பாட்டைப் பற்றவைத்தால், சிறிய திருப்புளியால் திருகியே இந்த அளவைப் பிடிக்கலாம். அளவு வெகுவாக விலகினால் சுரம் நீளாமல் திக்கித்திக்கி அறுந்துபோகும். அந்த அறுபட்ட ஒலிக்காகவே வேண்டுமென்று விலக்கி வைப்பவர்களும் உண்டு.

அடுத்தது நுழைவாயிலில் இருக்கும் 2.2 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர். தாழ்ந்த சுரங்கள் எல்லாவற்றையும் அது தாராளமாக உள்ளே விடுகிறது. ஹம்பக்கர் பிக்கப் உள்ள கிடாரில் இது கொழகொழப்பாகக் கேட்கும். அதை 0.1 மைக்ரோஃபாரட் ஆக்கினால் அடிநாதம் மெலிந்து, ஒவ்வொரு சுரமும் தனித்துத் தெரியும். சில ரூபாய் செலவில் இவ்வளவு பெரிய மாற்றத்தைத் தரும் திருத்தம் வேறு இல்லை.

டிரான்சிஸ்டரை மாற்றுவதுதான் பெரிய முடிவு. தொடக்ககால ஃபஸ் ஃபேஸில் இருந்தவை ஜெர்மானியம். பின்னர் சிலிக்கான் வந்தது. சிலிக்கான் அதிகம் பெருக்கும், கீச்சென்று உறைக்கும், சில வேளை வானொலி அலையைக்கூடப் பிடித்துக்கொள்ளும். டிரான்சிஸ்டரின் பேஸுக்கும் கலெக்டருக்கும் இடையே பிகோஃபாரட் அளவிலான சிறிய கெப்பாசிட்டர் வைத்தால் அந்தக் கூர்மை மழுங்கும். ஜெர்மானியத்தின் ஒலி உருண்டையானது. ஆனால் வெப்பம் ஏற ஏற அதில் மின்கசிவு கூடும். காலையில் சரியாக இருந்த பெடல் மேடை விளக்கின் சூட்டில் வேறு மாதிரி பேசும். ஒரே எண் பொறித்த இரண்டு ஜெர்மானிய டிரான்சிஸ்டர்கள்கூட ஒரே அளவில் பெருக்குவதில்லை; ஒவ்வொன்றாக அளந்துதான் பொறுக்க வேண்டும். ஹெண்ட்ரிக்ஸின் பெடல்களை இப்படித் தேர்ந்தும் திருத்தியும் கொடுத்த ரோஜர் மேயர், பிரிட்டிஷ் கடற்படைத் துறையில் ஒலி, அதிர்வு ஆய்வில் வேலை பார்த்தவர்.

எதை மாற்றினாலும் ஒரு குணத்தைக் கெடுக்கக் கூடாது. கிடாரின் வால்யூமைக் கொஞ்சம் குறைத்தால் இந்தப் பெடல் உறுமலை விட்டுத் தெளிந்த, மணி போன்ற ஒலிக்கு வந்துவிடும். பிக்கப்போடு அது நேரடியாக இணைந்திருந்தால்தான் இது நடக்கும். அதனால் பஃபர் உள்ள பெடல் எதையும் இதற்கு முன்னால் செருகாமல், கிடாரை அடுத்து முதலில் இதையே வைக்க வேண்டும்.

பழைய ஜெர்மானிய வகையில் பேட்டரியின் நேர்முனைதான் பெட்டியோடு இணைந்திருக்கும். மற்றப் பெடல்களுக்கு மின்சாரம் தரும் அடாப்டரையே இதற்கும் பகிர்ந்தால் ஷார்ட் ஆகும். தனி பேட்டரி போட்டுவிடுவது பாதுகாப்பு.