எலிக்கு எட்டியது நமக்கு எட்டுமா?

ஏற்காட்டில் சுற்றுலா வந்தவர் கையிலிருந்து பொட்டலத்தைப் பிடுங்கும் நாட்டுக்குரங்கின் மூக்கு, ஆய்வகத்து வெள்ளை எலியின் மூக்கைவிட நம்முடையதற்கு நெருக்கமானது. மூக்கு வழியாக மூளைக்கு மருந்து அனுப்பும் ஆய்வில் இது சின்ன விஷயமல்ல. ரத்தத்திலிருந்து மூளைக்குள் பெரும்பாலான மருந்துகளை நுழையவிடாத தடுப்பு ஒன்று உண்டு. மூக்கின் உச்சியிலுள்ள மோப்ப நரம்புகள் அதைச் சுற்றிக்கொண்டு போக வழி தருகின்றன. எலியின் மூக்கறையில் ஏறக்குறைய பாதிப் பரப்பு மோப்பத் திசு. மனிதருக்குப் பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. போதாக்குறைக்கு, மயக்கிய எலியை மல்லாத்திப் படுக்கவைத்துச் சில மைக்ரோலிட்டர் மருந்தைச் சொட்டுச் சொட்டாக விடுகிறார்கள். உட்கார்ந்தபடி ஸ்பிரே அடித்துக்கொள்ளும் முதியவருக்கு அந்த வசதி ஏது? அமெரிக்காவில் மறதிநோய்க்கு மூக்கு வழி இன்சுலினை 289 பேரிடம் சோதித்து 2020இல் வெளியிட்ட முடிவில், எதிர்பார்த்த பலன் தெரியவில்லை. நடுவழியில் ஸ்பிரே கருவியையே மாற்ற வேண்டியிருந்ததால், பழியை மருந்தின் மேல் மட்டும் போடவும் முடியாது.

அப்படியானால் எலி எதற்கு என்று கேட்கலாம். அதே மருந்தை வேறு எலிகளுக்கு ரத்தக்குழாயில் ஏற்றி, மூளையிலும் ரத்தத்திலும் சேர்ந்த அளவுகளை ஒப்பிட்டால்தான் அது நேர்வழியில் போனதா என்பது புலப்படும். மனித மூளையை அறுத்துப் பார்க்க முடியாதே. குரங்குக்குத் தாவலாம் என்பதும் எளிதல்ல: செலவு கூடுதல், 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் அனுமதியும் வேண்டும். என் கணிப்பில், சி.டி. ஸ்கேனை வைத்து அச்சிட்ட மனித மூக்கு மாதிரியில் ஸ்பிரே எங்கே படிகிறது என்று முதலில் பார்த்துவிட்டால், குரங்குவரை போக வேண்டிய மருந்துகளின் எண்ணிக்கை வெகுவாகக் குறையும்.