விசிறியை நிறுத்துங்க, நகம் வந்தாச்சு!

வாங்க, சத்தம் போடாமல் என் பின்னாலேயே வாங்க! அம்மையார்குப்பத்து நெசவாளர் அண்ணன் ஒருவருக்குத் துணைவந்த சாக்கில், மருத்துவக் கல்லூரி நுண்ணுயிரியல் ஆய்வகத்தின் உள்ளறைக்கே நுழைந்துவிட்டோம்.

அண்ணனின் கால் கட்டைவிரல் நகம் கறுத்துத் தடித்திருக்கிறது. ஊரில் நகச்சொத்தை என்பார்கள். ஆய்வகத்து அக்கா ஸ்பிரிட்டால் துடைத்து நகவெட்டியை அழுத்த, டக்! துண்டு எங்கோ பறந்துவிட்டது. பயிற்சி மாணவர்கள் இருவர் மேசைக்கடியில் பாய்கிறார்கள். “விடுங்கப்பா! தரைப் பூஞ்சையும் சேர்ந்து ஒட்டியிருக்கும். அண்ணே, காலை இன்னொரு தரம் நீட்டுங்க.” இந்த முறை துண்டு கறுப்புத் தாளில் பத்திரமாக விழுகிறது.

உள்ளறையில் மின்விசிறி ஓடக்கூடாது. காற்றடித்தால் பூஞ்சை வித்துகள் குழாய்க்குக் குழாய் தாவிவிடுமாம். அக்காவின் முகக்கவசம் வியர்வையில் தொப்பல்! மேசையெங்கும் பஞ்சு, மூடி தொலைந்த மார்க்கர்கள், தேதி எழுதிய பிளாஸ்டர் துண்டுகள்.

நகத்தூளைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் ஊறவைத்து இளக்கி, நுண்ணோக்கியில் வைக்கிறார்கள். கண்ணை எடுக்க மனமே வரவில்லை; நகத்துக்குள் கிளைகிளையாய் இழைகள் ஓடுகின்றன! அண்ணனையும் பார்க்கச் சொன்னார்கள். “பாவு நூல் சிக்கிக்கிட்ட மாதிரி இருக்கே!” என்றார். அறையே சிரித்தது.

மீதித் தூள் இரண்டு வளர்ப்புக் குழாய்களுக்கு. ஒன்றில் சைக்ளோஹெக்சிமைடு மருந்து கலந்திருக்கும். வழக்கமான நகப்பூஞ்சையான டிரைக்கோபைட்டான் இரண்டிலும் வளரும். அரிய வகைகள் பலவும் மருந்துக் குழாயில் தலைதூக்காது. அண்ணன் முன்பே வந்து கொடுத்த முதல் மாதிரி அலமாரியில் நிற்கிறது, மருந்தில்லாத குழாய் மட்டும் சாம்பலும் கறுப்புமாய் நிரம்பி! பெயர் நியோசைட்டாலிடியம் டிமிடியேட்டம். மா, எலுமிச்சை மரங்களையும் தாக்குகிற பூஞ்சை. மனிதரின் பாதங்களிலும் நகங்களிலும் இதைக் கண்டு 1970இல் பிரிட்டனில் ஜென்டில்ஸ், எவான்ஸ் என்ற ஆய்வாளர்கள் எழுதினார்கள். “மாந்தோப்புல சுத்தினீங்களாண்ணே?” என்று அக்கா கேட்க, அண்ணனுக்கு வெட்கம்.

அப்படியானால் நகத்தை மறுபடி வெட்டுவானேன்? இந்த அறையில் எனக்கு மிகவும் பிடித்த சங்கதி அதுதான். இத்தகைய பூஞ்சைகள் மண்ணிலும் காற்றிலும் திரிபவை. ஒருமுறை முளைத்ததை வைத்து அதன்மேல் பழி போடமாட்டார்கள். அடுத்த மாதிரியிலும் அதுவே வரவேண்டும். வழக்கமாகத் தருகிற டெர்பினாஃபின் மாத்திரை இதனிடம் அவ்வளவாகப் பலிப்பதில்லை. ஆளைத் தெரியாமல் மாத்திரை கொடுத்து மாதக்கணக்கில் காத்திருப்பதைவிட இந்த நிதானம் எவ்வளவோ மேல்!

“எப்பம்மா வரட்டும்?”

“வழக்கமா நாலு வாரம் சொல்லுவோம். இது வேகமா வளர்ற ஆளு, அடுத்த வாரமே வாங்கண்ணே. அதுவரைக்கும் கடையில கேட்டு எந்த மாத்திரையும் போட்டுறாதீங்க!”